யானைக்குட்டி லத்தி தின்பது ஏன்?

கண்ணுக்குப் புலப்படாத உயிர்களும் வாய்விட்டுப் பேசிய காலம் அது. அப்போதெல்லாம் யானைக்குட்டிகள் பல ஆண்டுகள் பாலை மட்டுமே குடித்து வளர்ந்தன.

ஒரு கோடையில் காட்டாறு வற்றியது. ஆலி என்ற பெண்யானைக்குப் பாலும் வற்றியது. அவள் மகன் தும்பன் பசி தாங்காமல் மூங்கில் இலையைத் தின்றான். தின்றது தின்றபடியே வெளியே வந்தது. விலா எலும்புகள் துருத்தின. ஒரு காலையில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

ஆலி அவன்மேல் வெயில் படாமல் மறைத்து நின்றாள். "எனக்குச் செரிக்கிற மூங்கில் என் பிள்ளைக்கு ஏன் செரிக்கவில்லை?" என்று அழுதாள்.

"உனக்கும் செரிக்காது, ஆலி" என்றது அவள் வயிற்றுக்குள் ஒரு குரல். "உன் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நாங்கள். நாரை நொதிக்க வைத்து உனக்கும் கொடுத்து நாங்களும் பிழைக்கிறோம். மண்ணோடும் வேரோடும் ஒவ்வொருவராக வந்து சேர எங்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின. தும்பனிடம் இன்னும் யாரும் போய்ச் சேரவில்லை."

"இப்போதே போங்களேன்."

குரல் தயங்கியது. "காற்றுப் பட்டால் செத்துவிடுவோம். சூடான லத்திக்குள் இருந்தால் சற்று நேரம் தாங்குவோம். அதற்குள் அவன் அதைத் தின்ன வேண்டும். எத்தனை பேர் பிழைப்போமோ தெரியாது. வருகிறோம்."

இதைக் கேட்ட கூட்டத்தின் தலைவி பெருங்கண்ணிக்குப் பொறுக்கவில்லை. "லத்தி தின்ற வாயோடு உன் மகன் வற்றாமல் மிஞ்சியிருக்கும் நம் குட்டைக்கு வரக்கூடாது" என்றாள்.

"சரி அத்தை. நாங்கள் வேறு தண்ணீர் தேடிக்கொள்கிறோம்" என்றாள் ஆலி.

ஆலி லத்தி போட்டாள். ஆவி பறந்த அந்த உருண்டையைத் துதிக்கையால் பிட்டு மகனிடம் நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஒரு வாய் தின்று காட்டினாள். பிறகு அவனும் மெல்லத் தின்றான்.

சில நாட்களில் அவன் வயிறு கடகடவென்று சத்தம் போட்டது. தின்ற இலை உடம்பில் ஒட்டியது. முதலில் தலையைத் தூக்கினான். அப்புறம் அம்மாவின் காலைப் பற்றி எழுந்து நின்றான்.

பெருங்கண்ணி ஒரு மாலை தனியாக வந்தாள். அவளுடைய பேத்தியும் படுத்துவிட்டிருந்தாள்.

"ஆலி, உன்னிடம் கொஞ்சம் கிடைக்குமா?"

ஆலி உடனே அவளோடு நடந்தாள்.

யானைக்குட்டிகள் புல்லைத் தொடும் முன் தாயின் லத்தியைத் தேடித் தின்பதும், எந்தத் தாயும் அதைத் தடுக்காததும் அன்று முதல்தான்.