அக்கரைக்குக் கேட்ட தட்டை

எல்லாக் காட்டிலும் சிங்கம் இருக்கும், நரி இருக்கும். இந்தக் காட்டில் கல்லூரி இருந்தது, பிள்ளைகளே. ஓடைக்கரை ஆலமரம்தான் கல்லூரி. கிளைக்கு ஒரு வகுப்பு. கடைசிக் கிளையில் படித்த மூன்று பேர் சேர்ந்து ஒரு தின்பண்ட நிறுவனம் தொடங்கினார்கள். அணில் சுருளி, கரடி வீரணன், மைனா பவுனு.

தினை மாவைப் பிசைந்து, தட்டி, வெயிலில் கொதிக்கும் பாறையில் போட்டு மொறுமொறுவென்று எடுப்பது வீரணன். தேக்கிலையில் பொட்டலம் கட்டிப் பறந்து பறந்து விற்பது பவுனு. பதம் பார்ப்பது சுருளி.

பதம் பார்க்க அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். சுருளி மர உச்சியில் உட்கார்ந்து ஒரு தட்டையைக் கடிப்பாள். பவுனு ஓடைக்கு அக்கரையில் நின்று கேட்பாள். சத்தம் அங்கே வந்து சேர்ந்தால்தான் தட்டை விற்பனைக்குப் போகும்.

"கேக்கலடி," என்று பல நாள் கத்தினாள் பவுனு. ஒரு மதியம், அந்தச் சத்தத்தையே தன் வாயால் செய்துகொண்டு பறந்து வந்தாள். "கறுக்! கறுக்! காதுக்குள்ள உக்காந்து கடிச்ச மாதிரி இருந்துச்சு சுருளி."

அன்றே யானையிடம் யானைக் குரலிலும், முள்ளம்பன்றியிடம் முள்ளம்பன்றிக் குரலிலும் பேசி அத்தனையையும் விற்றுவிட்டாள். பாறை காலி.

"மச்சி, நாம பெரிய ஆளாயிட்டோம்," என்றான் வீரணன்.

சுருளி கிளையில் படுத்து, முதல் கடியைப் பார்க்கக் காத்திருந்தாள். கீழே புதருக்குள் அவள் வகுப்புத் தோழன், முயல் கோரையன், பொட்டலத்தைப் பிரித்தான். ஆசையாக ஒரு கடி கடித்தான்.

கறுக்.

எதிர்ப் புதர் விலகியது. வந்தது புலி.

"யாரப்பா அங்கே, தட்டை சாப்பிடுறது?" என்றது, பந்திக்கு வந்த பெரியவர் மாதிரி நிதானமாக. "சத்தமே இவ்வளவு ருசியா இருக்கே. ஆளு எப்படி இருப்பானோ?"

கோரையன் அசையவில்லை. வாயில் பாதித் தட்டை. மென்றால் கேட்கும். துப்பினால் சருகில் விழுந்து அதுவும் கேட்கும்.

சுருளி சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொரு புதருக்குள்ளும் யாரோ ஒருவர், கையில் பொட்டலம், கடிக்கப் பயந்து, மூச்சுவிடவும் பயந்து. புலிக்கு எட்டாத உச்சியில் உட்கார்ந்து பதம் பார்த்தோமே, சாப்பிடுகிறவர்கள் எல்லாம் தரையில் அல்லவா இருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பேசாம இரு. புலி போயிடும்," என்று பக்கத்துக் கிளையிலிருந்து கிசுகிசுத்தான் வீரணன்.

"போகாது. மோப்பம் பிடிக்குது பாரு." பதம் பார்க்க எடுத்து வைத்திருந்ததில் ஒரு தட்டையை எடுத்தாள் சுருளி. "பவுனு, புதர் புதராப் போ. எல்லாரையும் கடிக்கச் சொல்லு."

"முதல்ல கடிக்கிறவனைப் புலி பிடிச்சிரும்டி. யாரு கடிப்பா?"

"நான்."

சரசரவென்று இறங்கித் தரையில் நின்றாள். கறுக்.

புலி திரும்பியது. "அடடே, நீதானா?" என்று ஓர் அடி வைத்தது. சுருளி ஓடவில்லை. இன்னொரு கடி கடித்தாள்.

அக்கரையிலிருந்து ஒரு கறுக். முள்ளம்பன்றி.

புலி நின்றது. இடப்பக்கம் ஒரு கறுக். சருகுமான். அதன் பின்னால் இரண்டு. பாறை இடுக்கில் ஐந்தாறு. பவுனு போன வழியெல்லாம் சத்தம் எழுந்தது. முதலில் தூறல் போல விட்டுவிட்டு; பிறகு மலையிலிருந்து மழை இறங்கி வருவது போல, மரம் மரமாக, கரை கரையாக, நெருங்கி நெருங்கி வந்தது. மூங்கில் காடு கறுக்கியது. குரங்குகள் மேலே கறுக்கின. யானை பொட்டலத்தை இலையோடு வாயில் போட்டுக்கொண்டது. ஓடைத் தண்ணீர் சிலிர்த்தது.

புலியின் ஒரு காது கிழக்கே போனது, ஒரு காது மேற்கே போனது. தலை நடுவில் சுற்றியது.

"ஒருத்தர் ஒருத்தராச் சாப்பிடக் கூடாதா?" என்று பரிதாபமாகக் கேட்டது. யாருக்கும் காதில் விழவில்லை. காதை மடக்கிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டது.

சுருளி மயிரெல்லாம் சிலிர்த்து நின்றாள்.

"தினையும் வெயிலும்தானே மச்சி போட்டோம்," என்றான் வீரணன், கோயிலுக்குள் பேசுவது போல மெல்ல. "இது எங்கேருந்து வந்துச்சு?"

காடு இன்னும் நொறுக்கிக்கொண்டே இருந்தது. அதன் நடுவே கோரையன் வெளியே வந்தான். வாயில் இருந்த பாதித் தட்டையை அவசரமில்லாமல் மென்றான். விழுங்கினான்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றான்.

நீதி: ஒருவர் எழுப்பும் சத்தம் அவரைக் காட்டிக் கொடுக்கும், எல்லோரும் எழுப்பும் சத்தம் எல்லோரையும் காக்கும்.