ராஜா கொடுத்த வீட்டு வாடகை

ஏனய்யா, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஏசி அறை போட்டு உட்கார்ந்திருக்கிறவரே, உம்மைத்தான்! வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருகிறேன் என்று போர்டு மாட்டிக்கொண்டு, என் சொந்த வீட்டில் நான் வாடகைக்கு இருப்பதாக எழுதினது நீர்தானே? ரீஃபண்ட் வந்த அன்றைக்குக் கமிஷனுக்காக என் கடை வாசலில் வந்து நின்றீர். நோட்டீஸ் வந்த அன்றைக்கு உம் போன் ஸ்விட்ச் ஆஃப். கத்திரிக்காய் விற்கிறவன்கூடச் சொத்தை என்றால் மாற்றிக் கொடுப்பான். நேரில் வந்து கத்தினால் நாகரிகம் தெரியாதவன் என்பீர். சரி, கதையாகவே சொல்கிறேன். கேளும்.

செங்காட்டுச் சீமையை வீரமுடி பூபதி என்றொரு ராஜா ஆண்டார். குடிகளிடம் சந்தை வாசலிலேயே வரியைப் பிடித்துவிடுவார். வருஷக் கடைசியில் ஆளுக்கொரு கணக்கோலை கொடுக்க வேண்டும். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பிடித்ததில் ஒரு பங்கு திரும்ப வரும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அந்த ஓலையில் அத்தனை வளைவு, அத்தனை நெளிவு. எழுதத் தனி ஆள் வேண்டும்.

அந்த வளைவு நெளிவிலேயே மாளிகை கட்டினவர் அட்டவணை அம்பலவாணர். கோட்டை வாசலில் பந்தல் போட்டு, ஊருக்கெல்லாம் ஓலை எழுதினார். திரும்ப வருவதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. ஆனால் ஓலையில் அவர் பேர் இருக்காது. அடியில் கைக்கீறல் போடுகிறவன் ஓலைக்குச் சொந்தக்காரன் மட்டும்தான்.

ஒருநாள் செக்காட்டும் வெள்ளையம்மாவைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அம்பலவாணரும் அங்கே இருந்தார்.

"சொந்தக் குடிசையில் இருந்துகொண்டு வாடகை கொடுப்பதாகக் கீறியிருக்கிறாயே?" என்று ராஜா சீறினார்.

"எனக்கு எழுத்து தெரியாது சாமி. சொந்தக் குடிசைன்னுதான் சொன்னேன். 'நீ கீறு, மத்ததை நான் பார்த்துக்கறேன்'னு இவர்தான் சொன்னாரு."

அம்பலவாணர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "மகாராஜா, வந்தவர் சொன்னதை எழுதுவது என் தொழில். பொய் அவள் வாயில் பிறந்தது. என் எழுத்தாணிக்கு என்ன தெரியும்?"

"கீறினவள்தான் பொறுப்பு. அவளுடைய இரண்டு செக்கு மாடுகளையும் பிடித்துக் கட்டுங்கள்!" என்றார் ராஜா.

"மாடு போனா செக்கை நான்தான் சாமி இழுக்கணும்" என்று அழுதாள் வெள்ளையம்மா.

ராஜாவின் அரசவையில் சீனப்பன் என்றொருவன் இருந்தான். ராஜாவிடம் வாயாடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். அவன் எழுந்தான்.

"மகாராஜா, மாடு எங்கும் ஓடாது. நாளைக்குத்தான் ஓலைக்குக் கடைசி நாள். தாங்களும் ஒரு கணக்கோலை கொடுத்தால் குடிகளுக்கு முன்மாதிரியாக இருக்குமே? நான் போய் எழுதி வாங்கி வருகிறேன். தாங்கள் அதைப் படித்த பிறகு மாட்டைக் கட்டலாம்."

ராஜாவுக்கு முன்மாதிரி என்றால் பிரியம். "ஆகட்டும்" என்றார்.

மறுநாள் பந்தலில் திருவிழாக் கூட்டம். முண்டாசைக் கண்வரை இறக்கிக்கொண்டு சீனப்பனும் வரிசையில் நின்றான். அம்பலவாணர் யாருக்கும் தலையைத் தூக்கவில்லை.

"பேர்?"

"சின்னமுடி." ராஜாவை அவருடைய தாயார் கூப்பிடும் பேர் அது.

"தொழில்?"

"பரம்பரைத் தொழில். ஊரார் கொடுப்பதில் பிழைப்பு."

"நல்ல தொழில். வாடகை வீடுன்னு எழுதியாச்சு."

"ஐயா, வீடு சொந்தம். கொஞ்சம் பெரிசுகூட."

"அதை யாருய்யா கேட்டா? பணம் திரும்ப வரணுமா, வேண்டாமா?"

"வரணும், வரணும். வீட்டுக்காரர்னு யாரைச் சொல்றது?"

"என் மச்சான் கொழுந்தப்பன். எல்லா ஓலைக்கும் அவன்தான். அடியில் நீ கைக்கீறல் போட்டுக்கோ. அடுத்த ஆள்!"

அடுத்த நாள் சபையில் ராஜா ஓலையைப் படித்தார். மீசை துடித்தது.

"சீனப்பா! இந்த அரண்மனையில் நான் வாடகைக்கா இருக்கிறேன்?"

"ஆமாம் மகாராஜா. அம்பலவாணரின் மச்சானுக்குப் பாக்கி வைக்காமல் கொடுத்து வருகிறீர்கள்."

அம்பலவாணர் ஓலையை எட்டிப் பார்த்தார். "மகாராஜா, தங்கள் ஓலை என்று தெரியாமல்..."

"தெரிந்திருந்தால் அரண்மனைக்குத் தக்க வாடகையாகக் கூட்டிப் போட்டிருப்பீரோ?" என்றான் சீனப்பன். "மகாராஜா, கோபம் வேண்டாம். ஓலையெல்லாம் மெய் என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளையம்மா வாடகை கொடுத்தாள். ஊரே கொடுத்தது. தாங்களும் கொடுத்தீர்கள். ஆக, சீமையின் வாடகை முழுவதும் கொழுந்தப்பன் மடியில் விழுந்திருக்கிறது. ஐயா அம்பலவாணரே, மச்சானுக்கு ஓலை எழுதினது யார்?"

"நா... நான்தான்."

"வருமானம் என்ன போட்டீர்?"

"ஒன்றும் இல்லை என்று..."

சபை கொல்லென்று சிரித்தது.

"வாடகை மெய்யென்றால் அத்தனைக்கும் மச்சானை வரி கட்டச் சொல்லும். பொய்யென்றால் ஒவ்வோர் ஓலையிலும் உம் பேரைக் கீறிவிட்டு, அபராதத்தை நீரே கட்டும். எது வசதி?"

அம்பலவாணர் கும்பிட்டார். "இதற்கு... விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது யோசனை கேட்க வேண்டும்."

"என்னிடமே கேளும். உம் தலை திரும்பக் கிடைத்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு!"

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். அபராதம் அம்பலவாணர் தலையில் விழுந்தது. வெள்ளையம்மாவின் மாடுகள் செக்குக்குப் போயின. ஓலை எழுதுகிறவனும் அடியில் கீற வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. சீனப்பனுக்கு ஒரு வருஷ அரண்மனை வாடகை பரிசாகக் கிடைத்தது.

கதை முடிந்தது. என் நோட்டீஸ் முடியவில்லை. பதில் கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி. அதற்குள் போனை ஆன் செய்யும். வாங்கின கமிஷனை எடுத்துக்கொண்டு கடைக்கு வாரும். அபராதம் உம்முடையது. திருத்தின கணக்கை என் கண் முன்னால் எழுதி, தப்பு உம்முடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடும். எல்லாவற்றுக்கும் பேரம் பேசுகிறவன் நான். இதற்குப் பேச மாட்டேன்.