பாய்மரக் கயிறுகளும் யாழ் நரம்புகளும்

வெண்மணல்துறையில் மழைக்காலம் ஓய்ந்ததும் கடலோர மண்டபத்தில் விழா எடுப்பார்கள். தொலைதூரம் போன மரக்கலங்கள் திரும்பிவர வேண்டி அன்று மாலை யாழ் வாசிப்பது வழக்கம். அந்த ஆண்டு வாசிக்கும் முறை நல்லினிக்கு வந்தது.

நல்லினி யாழைக் கையில் எடுத்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். அவளுடைய ஆசிரியை எயினி அவளைவிடப் பத்து வயது சிறியவள். ஆனாலும் நல்லினி அவளை 'அம்மா' என்றுதான் அழைப்பாள். எயினி இவளை 'அக்கா' என்பாள்.

"இந்த வயதில் பழகியவரை நம்பி விழாவை விடலாமா?" என்று வணிகர் தலைவர் கேட்டார்.

"அவர் தவறினால் அடுத்த ஆண்டிலிருந்து எனக்கும் இந்த மண்டபம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எயினி எழுந்து வந்துவிட்டாள்.

இது நல்லினியின் காதுக்கு எட்டியது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விழாவுக்குச் சில நாள் முன்பு மண்டபத்தில் ஒத்திகை தொடங்கியது. நல்லினி கடலைப் பார்த்து உட்கார்ந்து யாழை மடியில் நிறுத்தினாள். நரம்புகளுக்கு அப்பால் துறை. துறை நிறையப் படகுகள். பாய்மரங்களிலிருந்து இறங்கிய கயிறுகள் நரம்புகளோடு பின்னிக்கொண்டன. எது கயிறு, எது நரம்பு என்று கண் தடுமாறியது. விரல் தப்பான இடத்தில் விழுந்தது.

"அம்மா, நரம்பே தெரியவில்லை. எல்லாம் கயிறாகத் தெரிகிறது."

எயினி துறைக்கு இறங்கிப் போனாள். படகுக்காரர்களிடம் வெகுநேரம் பேசினாள். மறுநாள் காலை படகுகள் எல்லாம் ஆற்றுமுகத்துக்குப் போயிருந்தன. கடல் திறந்து கிடந்தது.

நல்லினி வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அலை மினுங்குகிறது, அம்மா. கண் கூசி நரம்பு மறைந்துபோகிறது."

எயினி ஒத்திகையை மாலைக்கு மாற்றினாள்.

மாலையில் தூண்களின் நிழல் நரம்புகள்மேல் பட்டை பட்டையாக விழுந்தது. எயினி பாயைச் சுருட்டிக்கொண்டுபோய், தூண்களைத் தாண்டி, மண்டபத்தின் விளிம்பில் விரித்தாள். அங்கே மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. நல்லினியின் விரல் அங்கேயும் தவறியது.

"ஒரு திரை கட்டிவிடுங்கள், அம்மா. எனக்குக் கடலே தெரிய வேண்டாம்."

எயினி அவள் முகத்தைப் பார்த்தாள். "கட்டலாமா?"

"கட்டுங்கள்."

கனத்த நீலத்துணி வந்தது. யாழுக்கும் கடலுக்கும் நடுவே தொங்கியது. நரம்புகள் பளிச்சென்று தெரிந்தன. நல்லினி அதுவரை வாசித்ததிலேயே மோசமாக வாசித்தாள். வெளியே யாராவது கூப்பிட்டால் அவள் கழுத்து திரும்பியது. காற்றில் திரை உப்பும்போதெல்லாம் அதன் ஓரத்தில் ஏதாவது தெரிகிறதா என்று கண் போனது.

"கலம்! கலம் தெரிகிறது!" என்று கரையில் யாரோ கத்தினார்கள்.

யாழ் மடியிலிருந்து சரிந்து பாயில் விழுந்தது. நல்லினி திரையைத் தள்ளிவிட்டு மணலில் ஓடினாள். முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தாள். முதலில் கலத்தின் பாய் தெரிந்தது. பிறகு கலத்தின் உடல் தெரிந்தது. பிறகு அதன் மேல் நின்றவர்களும் தெரிந்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது எயினி தளர்ந்துபோன நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கலம், அக்கா?"

"உப்புக் கலம்."

"நீங்கள் தேடியது?"

நல்லினி நனைந்த சேலையைப் பிழிந்தாள். பிழிந்த இடத்தையே மறுபடி பிழிந்தாள்.

"சேந்தன் போன கலம்."

சேந்தன் அவளுடைய ஒரே மகன். மிளகு ஏற்றிக்கொண்டு கீழ்த்திசை போய் இரண்டு ஆண்டு ஆகிறது. கூடப் போன கலங்கள் போன ஆண்டே திரும்பிவிட்டன. இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"உங்களுக்கு முன்பே தெரியுமா, அம்மா?"

"ஊருக்கே தெரியும்."

"தெரிந்துமா எனக்காகப் படகுகளை விலக்கச் சொல்லி அலைந்தீர்கள்?"

"படகு மறைத்தால் உங்களுக்குத் தூரத்துக் கலம் தெரியாதே."

 எயினி திரையை அவிழ்த்து மடித்தாள்.

"நாளைக்கு விழா" என்றாள் நல்லினி. "நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் நரம்பை யார் பார்ப்பது? விரல் தவறும்."

"தவறட்டும்."

"உங்கள் மண்டபம் போய்விடும், அம்மா."

"போகட்டும். பிள்ளை வருகிற நேரத்தில் நீங்கள் நரம்பைப் பார்த்துக்கொண்டா இருப்பீர்கள்?"

மறுநாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வணிகர் தலைவர். நல்லினி விளிம்பில் உட்கார்ந்தாள். கண்ணை நேரே கடலில் வைத்தாள். வாசிக்கத் தொடங்கினாள்.

முதலில் ஓரிடத்தில் விரல் பிசகியது. சற்றுப் பொறுத்து இன்னோரிடத்தில் பிசகியது. வணிகர் தலைவர் புருவம் சுருங்கியதை அவள் பார்க்கவில்லை. அவள் பார்வை வானமும் நீரும் சேரும் கோட்டில் இருந்தது. அதற்குப் பிறகு விரல்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. நரம்புகள் கலங்கலாகத்தான் தெரிந்தன. அவள் அவற்றைத் தேடவில்லை.

கூட்டத்தில் ஒரு பெண் அவள் பார்வை போன பக்கம் திரும்பினாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். ஒவ்வொருவராகக் கடல் பக்கம் திரும்பினார்கள். கடைசியில் வணிகர் தலைவரும் திரும்பினார். சேந்தன் போன கலத்தில் அவருடைய தம்பியும் போயிருந்தான்.

பாட்டு முடிந்தது. யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. இருட்டத் தொடங்கியது. கடலில் எதுவும் வரவில்லை. வணிகர் தலைவர் நல்லினியிடம் வந்து நின்றார்.  கைகூப்பிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு நல்லினி கேட்டாள்.

"இரண்டு இடத்தில் தவறினேன், இல்லையா அம்மா?"

"ஆமாம். கேட்டேன்."

"நாளைக்குப் பயிற்சி எங்கே?"

"இங்கேதான்."

"சேந்தன் வரும்வரை இங்கேயா?"

"இங்கேயே."

நல்லினி யாழைப் பாயில் சாய்த்து வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"வராவிட்டால்?"

எயினி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்றைக்கும் ஏதாவது வாசிக்க வேண்டியிருக்கும், அக்கா."