முன்னால் ஓடியவர்

"டீச்சர், நான் எப்பத்தான் முதல்ல வருவேன்?"

வெள்ளியங்கிரி கேட்டபோது கோகிலவாணி டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

பொள்ளாச்சியில் அந்த மைதானத்துக்கு விடிகாலையில் ஓட வருகிறவர்கள் எல்லோருமே நாற்பதைத் தாண்டியவர்கள். சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு அவர்களைவிட வயது குறைவு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பேச்சும் குறைவு. யாராவது அதிகம் கேட்டால் விசிலை வாயில் வைத்துக்கொள்வார்.

வெள்ளியங்கிரி தேங்காய் நார் மில்லில் சூப்பர்வைசர். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் நடக்க ஆரம்பித்தார். நடை ஓட்டமானது. ஓட்டம் பைத்தியமானது.

"சுத்துப்பட்டுல ஒரு போட்டி விடறதில்லீங்க டீச்சர். அஞ்சு கிலோமீட்டர் ஓடறேன், பத்து ஓடறேன். டேம் ரோட்டுல இருபத்தியொண்ணும் ஓடியாச்சு. எல்லாத்துலயும் ரெண்டாவது."

"முதல்ல வர்றது யாருங்ண்ணா?"

"எங்க போனாலும் ஒரே ஆளுங்க. உடுமலை ஷாஜகான். எங்க வயசுப் பிரிவுல அவரைத் தாண்ட யாராலயும் முடியல."

"எப்படி ஓடுவாரு?"

"இடது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும். மேடு வந்தா தலையைக் குனிஞ்சுக்குவாரு. சோர்ந்தாருன்னா வலது கையை ஒரு உதறு உதறுவாரு. பின்கழுத்துல ஒரு தழும்பு இருக்குங்க."

"முகம்?"

வெள்ளியங்கிரி யோசித்தார்.

"முகம்... சரியாப் பாத்ததில்லீங்க. பரிசு குடுக்கற வரைக்கும் நான் நிக்கறதில்ல. கெளம்பிருவேன்."

டீச்சர் அடுத்த கோட்டை ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு தடவை அந்தாளு வராம இருந்தாப் போதும் டீச்சர். ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மன்கிட்ட அதையே வேண்டிட்டு வந்துட்டேன்."

இப்போதுதான் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டிட்டீங்களா?"

"வேண்டிட்டேனுங்க."

டீச்சர் விசில் ஊதினார்.

"ஓடுங்க."

*

ஆழியாறு ரோட்டில் பத்து கிலோமீட்டர் போட்டி.

தொடங்கும் இடத்தில் நின்ற கூட்டத்தில் வெள்ளியங்கிரி அந்த முதுகைத் தேடினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினார். இல்லை.

ஷூ கயிற்றை மறுபடியும் இறுக்கிக் கட்டினார்.

இளவட்டங்கள் முதலிலேயே பறந்துவிட்டார்கள். அவர் வயதுக்காரர்களில் அவர்தான் முன்னால். எதிரே வெறும் ரோடு. இரண்டு பக்கமும் புளியமரங்கள். காற்று நேராக முகத்தில் அடித்தது. இத்தனை வருடங்களில் இந்தக் காற்றை அவர் அறிந்ததில்லை.

மேடு வந்தது. கண்கள் குனிந்த ஒரு தலையைத் தேடின. பிறகு தேடுவதை விட்டன.

மெதுவாக ஓடலாம் என்று தோன்றியபோது மெதுவாக ஓடினார். யாரையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

மேடையில் உயரமான படியில் ஏறி நின்றார். மைக்கில் அவரை "வெள்ளைக்கிரி" என்று கூப்பிட்டார்கள். அதற்கும் சிரித்தார். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினார். போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் காலை கோப்பையைத் துண்டில் சுற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனார்.

டீச்சர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"போன வருசம் இதே ரோட்டுல ரெண்டாவது வந்தீங்கல்ல? அதைவிட வேகமாத்தான் ஓடியிருப்பீங்க."

"இல்லீங்க. நாலு நிமிசம் லேட்டு."

"ம்."

"வெயிலுங்க டீச்சர்."

"ம்."

"எதிர்க்காத்து வேற."

டீச்சர் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவரு ஏன் வரலீங்ண்ணா?"

"தெரியலீங்க."

"யாருகிட்டயும் கேக்கலயா?"

வெள்ளியங்கிரி துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

டீச்சர் மற்றவர்களைச் சுற்று ஓட அனுப்பினார். அவரிடம் மட்டும் பஸ் ஸ்டாண்டு இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

"உங்களுக்கு இன்னிக்கு உடுமலை."

"உடுமலை வரைக்கும் ஓடவா?"

"பஸ்ல."

*

உடுமலையில், போட்டிகளில் ஓடுகிற ஷாஜகான் என்றதும் டீக்கடைக்காரர் வழி சொன்னார்.

"அவரு டயர் கடைக்குப் பின்னாடியே வீடுங்க. பாவம், மோட்டார் சைக்கிள்காரன் ஒருத்தன் மோதிட்டான். மூணு வாரமாச்சு. காலு ரெண்டு எடத்துல முறிஞ்சு போச்சு."

மூன்று வாரம்.

ஆனைமலைக்குப் போய்வந்த நாளை வெள்ளியங்கிரி எண்ணிப் பார்த்தார். விபத்துக்குச் சரியாக இரண்டு நாள் முன்னால்.

கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்தார். திரும்பிப் போய்விடலாம் என்று பஸ் ஸ்டாண்டை நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். பிறகு வந்த வழியே திரும்பி அந்த வீட்டுக்குப் போனார்.

ஷாஜகான் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஒரு கால் முழுக்கக் கட்டு. முக்காலியில் நீட்டியிருந்தார்.

அகலமான முகம். நரைத்த தாடி. சிரிக்காதபோதும் சிரிப்பதுபோல் இருக்கும் கண்கள்.

"யாருங்க? டயருங்களா?"

"இல்லீங்க. பொள்ளாச்சில இருந்து வர்றேன். வெள்ளியங்கிரி. போட்டில... உங்களுக்குப் பின்னாடி ஓடுவேனுங்க."

ஷாஜகான் உற்றுப் பார்த்தார். தெரியவில்லை.

"எனக்குப் பின்னாடி நெறையப் பேரு ஓடுவாங்க."

"ஒட்டி வர்றது நானுங்க."

ஷாஜகான் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தச் செவுத்து வரைக்கும் ஒருக்கா ஓடுங்க பாக்கலாம்."

"இங்கயா?"

"ஓடுங்க."

வெள்ளியங்கிரி செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவர் வரைக்கும் ஓடினார். திரும்பி ஓடி வந்தார்.

ஷாஜகானின் முகம் மலர்ந்துவிட்டது.

"மெஹரு! மெஹருன்னிசா! இங்க ஓடியா! அந்தாளு வந்துட்டாரு!"

அவர் மனைவி ஈரக்கையோடு வந்தார்.

"எந்த ஆளு?"

"அந்தாளுதான்! டொப்பு டொப்புன்னு வருவாருன்னு சொல்லுவேன்ல?"

மெஹருன்னிசா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெள்ளியங்கிரியைப் பார்த்தார்.

"நீங்கதானா? உக்காருங்கண்ணா. உக்காருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இவரு மழையா இருந்தாலும் எந்திரிச்சுப் போயிருவாரு. ஒரு நாள் படுங்கன்னா, 'அந்தாளு இந்நேரம் ஓடிட்டிருப்பான்டி'ம்பாரு. காச்சலோட ஓடியிருக்காரு. யாரு அந்தப் பாவி, என் மனுசனைத் தூங்கவிடாமப் பண்றதுன்னு திட்டியிருக்கேன்."

"மன்னிச்சுக்கங்க" என்றார் வெள்ளியங்கிரி. வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

"கேளுங்கண்ணா. அடிபட்டுக் கெடந்தப்ப ரத்தம் அவ்வளவு போயிருச்சு. ஆபரேசன் முடிச்சு டாக்டர் வெளிய வந்து, 'ஓடற மனுசனா? அதான் இதயம் தாங்குச்சு. இந்த வயசுல வேற யாராவதுன்னா சொல்ல முடியாது'ன்னாரு."

மெஹருன்னிசா கணவரின் காலுக்கடியில் முக்காலியைச் சரிசெய்தார்.

"அன்னைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து துஆ செஞ்சேன். பேருகூடத் தெரியாது. 'என் வீட்டுக்காரரு பின்னாடி ஓடி வர்ற அந்த மனுசனை நல்லா வை அல்லாஹ்'ன்னு. அன்னையில இருந்து தினமும் செய்யறேன்."

வெள்ளியங்கிரி தரையைப் பார்த்தார்.

"நானும் வேண்டியிருக்கேனுங்கம்மா."

சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"தெரியுமுங்கண்ணா" என்றார் மெஹருன்னிசா. "இல்லாட்டி இவ்வளவு தூரம் தேடி வருவீங்களா?"

டீ போட உள்ளே போனார்.

வெள்ளியங்கிரி அழுதார். சத்தமில்லாமல்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஷாஜகான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலையில் புது வாக்கர் ஒன்று நின்றது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"நடக்கச் சொன்னாங்களுங்களா?"

"சொன்னாங்க. நாலு நாளாச்சு."

"நடக்கலீங்களா?"

ஷாஜகான் தன் காலைப் பார்த்தார்.

"ஊனிப் பாக்கவே பயமா இருக்குங்க. ஒருவேளை முடியலைன்னா? முடியலைங்கறது தெரிஞ்சுபோயிருமே. உக்காந்திருந்தா அது தெரியாது பாருங்க."

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது.

ஷாஜகான் கேட்டார்.

"ஆழியாத்துல நேத்து போட்டி நடந்துச்சுல்ல? நம்ம பிரிவுல யாருங்க முதல்ல வந்தது?"

வெள்ளியங்கிரி அந்த முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் யாரும் வரலீங்க."

ஷாஜகான் மூலையில் நின்ற வாக்கரைப் பார்த்தார்.

பிறகு முக்காலியிலிருந்து காலை இரண்டு கைகளாலும் தூக்கி, மெல்லத் தரையில் இறக்கினார்.

"அந்த உறையைப் பிரிங்க" என்றார். "அப்படியே ஒரு கை குடுங்க."