ஒரு பெட்டி, மூணு வீடு

ஒரே ஒரு பெட்டி. கேட்டு நிக்கிறது மூணு வீடு. வெளியில சித்திரை வெயில் மண்டையப் பொளக்குது. நியாயம் சொல்றேன்னு கெளம்புறவங்க சும்மா தலையாட்டாம, காதக் குடுத்துக் கேளுங்க.

செம்பருத்தி நகர் குடியிருப்போர் சங்க ஆபீஸ்ல சுகிர்தாவுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல சேதி போடறது. தண்ணி எப்ப வரும், கரண்ட் எப்ப போகும், யாரு வீட்டு நாயக் காணோம், யாரு தவறிட்டாங்க. இன்னொண்ணு, சங்கத்துச் சாமான இரவல் குடுக்கறது. சாமான்னா மூணே மூணு. ஒரு சக்கர நாற்காலி, படுத்த படுக்கையா கெடக்கறவங்களுக்கு முதுகுல புண்ணு வராம இருக்க மோட்டார் வெச்ச காத்துப் படுக்கை, அப்புறம் செத்தவங்கள வைக்கிற ஃப்ரீசர் பெட்டி.

நாலாயிரம் வீட்டுக்கு ஒத்தப் பெட்டி! பார்க்குக்கு ஆர்ச் கட்டத் தெரியுது, இன்னொரு பெட்டி வாங்கத் துப்பில்ல. போன வாரம் பெட்டி கெடைக்காம ஒரு வீட்ல ஐஸ் கட்டிய அடுக்கி வெச்சாங்க. அது உருகித் தெரு வரைக்கும் ஓடுச்சு. அதப் பாத்ததுல இருந்து ஏரியாவே அரண்டு போயிருக்கு.

அன்னிக்கு ஒம்போதுல இருந்து ரெண்டு வரைக்கும் பவர் கட். எப்பவுமே பவர் கட்டுன்னா முதல் போன் அருணகிரி ஐயாகிட்ட இருந்துதான் வரும். ரிட்டயர்டு லைன்மேன், ஆறு மாசமா சங்கத்துக் காத்துப் படுக்கையிலதான் கெடக்கறாரு.

"கரண்ட் எப்பம்மா வரும்?"

"ரெண்டு மணிக்குய்யா."

"எங்க காலமா இருந்தா ஒரு மணிக்கே குடுத்திருப்போம்"னு ஒரு குத்து குத்திட்டுத்தான் வைப்பாரு.

அன்னிக்கும் ஒம்போதே காலுக்கு அதே நம்பர்ல இருந்து போன் வந்துச்சு. ஆனா பேசினது அவரு மகன் குமரகுரு.

"அப்பா போயிட்டாரும்மா. பெட்டிய எங்க பேர்ல எழுதிக்க. குரூப்லயும் போட்டுரு."

"ஐயோ... எத்தன மணிக்குண்ணே?"

"நேரத்த மட்டும் காலியா விடு. அப்புறம் சொல்றேன்."

பஞ்சாங்கம் பாக்கறாங்க போலன்னு அவளா நெனச்சுக்கிட்டா. போன்ல பின்னாடி டர்ர்ருன்னு ஒரு சத்தம் விடாமக் கேட்டுச்சு.

"என்னண்ணே அது?"

"காத்துப் படுக்கை மோட்டாரு. இன்வெர்ட்டர்ல ஓடுது. படுக்கைய சாயங்காலமா குடுத்து விடறோம்."

சங்கத்து வேன் ஓட்டற பாபு இதக் கேட்டுட்டு மொகத்தச் சுளிச்சான். "உசுரு போன அடுத்த நிமிசமே அதத் தூக்கிட்டுப் போன்னு எல்லாரும் கத்துவாங்க. இவரு என்னக்கா, சாயங்காலம்ங்கறாரு?"

சுகிர்தா குரூப்ல சேதியப் போட்டா. 'இன்று ... மணியளவில் காலமானார்'. பத்தே நிமிசத்துல நாப்பத்தேழு பேரு கும்பிடு போட்டாங்க. நடுவுல ஒரு புண்ணியவான் மாம்பழ ஆஃபர் வேற போட்டாரு. அருணகிரி ஐயா தெருக்காரங்க ஒருத்தராவது எந்திரிச்சுப் போயி எட்டிப் பாத்தாங்களான்னா, இல்ல.

ஒம்போதே முக்காலுக்கு ரோஸ்லின் நடந்தே வந்து நின்னுச்சு. புருசன் சேவியர், ஆட்டோ ஓட்டறவரு, காலைல ஆறு மணிக்கு நெஞ்சு வலின்னு சாஞ்சவரு எந்திரிக்கவே இல்ல. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு கையில இருந்துச்சு.

"மக டெல்லில நர்ஸு வேலை பாக்குதும்மா. நாளைக்குக் காலைலதான் வந்து சேரும். அது வரைக்கும் அவர எப்படியாச்சும் வெச்சிருக்கணும்."

ரோஸ்லின் வீட்ல இன்வெர்ட்டர் கெடையாது. ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தாத்தான் பெட்டி குளிரும்.

பத்து மணிக்கு ஜவுளிக்கடை தியாகு கார்ல வந்தாரு. பெட்டிய வாங்கிக் குடுத்ததே அவங்க அப்பாதான். பேரு பெட்டி மேலயே கொட்டை எழுத்துல இருக்கு.

"எங்க வீட்டுக்குத்தான் முதல்லன்னு, பெட்டி குடுத்த அன்னிக்கே உங்க சங்கச் செக்ரட்டரி மைக்குல சொன்னாரும்மா. அம்மா காலைல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரில தவறிட்டாங்க. அங்கயே சவக்கெடங்குல வெச்சிருக்கு. நாளைக்கு வரைக்கும் வெச்சுக்கறோம்னுதான் சொல்றாங்க. ஆனா எங்கம்மா அங்க கெடக்கறது எனக்குக் கௌரவமா?"

அந்நேரம் குமரகுரு மறுபடியும் போன் அடிச்சாரு. "முதல்ல பதிஞ்சது நானு. பெரிய இன்வெர்ட்டரும் இருக்கு, இப்பவே பெட்டி ஓடும். இன்னும் என்ன யோசன?"

அவரு குரலுக்குப் பின்னாடி அந்த டர்ர்ர் இன்னும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. வேன் வாசல்ல நிக்குது. சாவி பாபு கையில. பாபு, ரோஸ்லின், தியாகு, மூணு பேரு பார்வையும் சுகிர்தா வாயில.

முதல்ல பதிஞ்சவருக்கா, முதல்ல பறிகொடுத்தவளுக்கா, வாங்கிக் குடுத்தவங்களுக்கா? பெட்டிய எந்த வீட்டுக்கு அனுப்பறது சரி? அதுக்கும் முன்னால சுகிர்தா செய்ய வேண்டியது என்ன?

விடை: பெட்டி ரோஸ்லினுக்கு. தியாகு அம்மாவுக்கு ஆஸ்பத்திரில எடம் இருக்கு. அவருக்கு வேணுங்கறது கௌரவம், குளிர் இல்ல. ஆனா பெட்டியப் பத்தி மட்டுமே யோசிச்சிருந்தீங்கன்னா நீங்களும் அந்த நாப்பத்தேழு பேர்ல ஒரு ஆளுதான். செத்தவருக்கு எதுக்குய்யா காத்துப் படுக்கை ஓடணும்? பெத்த அப்பன் போன நேரம் மகனுக்கு எப்படித் தெரியாமப் போகும்? சுகிர்தா நூத்தியெட்டு ஆம்புலன்சுக்குப் போனப் போட்டுக்கிட்டே அருணகிரி ஐயா வீட்டுக்கு ஓடினா. வாசல்ல சாமியானா கட்டி நாற்காலி போட்டாச்சு. உள் ரூம்ல மோட்டார் ஓடுது. ஒதடு வெடிச்சுப் போயி அருணகிரி ஐயா மூச்சு விட்டுக்கிட்டுத்தான் கெடந்தாரு. "மத்தியானம் தாண்டாதுன்னு டாக்டர் சொன்னாரு... அதுக்குள்ள பெட்டி கை மாறிருமேன்னுதாம்மா"ன்னு குமரகுரு முணுமுணுத்தாரு. பெரியவரு கண்ணு மட்டும் மெதுவாத் திரும்பி அவளப் பாத்துச்சு. "கரண்ட்... எப்பம்மா வரும்?" வாசல்ல பூமாலைக் கூடை வந்து எறங்கற சத்தம் கேட்டுச்சு.