எச்சில் குழிக்கு ஒரு கூடைச் சுண்ணாம்பு

முன்னொரு காலத்தில், மழை வழி மறந்துபோன ஒரு தேசத்தில், செம்பியராயர் என்ற மன்னர் கொலுமண்டபத்தில் எழுந்து நின்று இப்படிச் சொன்னார்:

"சூரியன் உதித்த நாள் முதல் எத்தனையோ மன்னர்கள் இந்தப் பூமியை ஆண்டார்கள். மலையை வென்றவன் உண்டு. கடலைத் தாண்டியவன் உண்டு. ஒரு பொழுது வடித்த சோற்றை மறுபொழுது தொடாத மன்னன் நான் ஒருவனே. மீந்ததைத் தின்பவன், மனிதரில் மீந்தவன்."

யாரும் சிரிக்கவில்லை. மன்னரும் சிரிக்கவில்லை. கல்தச்சனை வரவழைத்து இதைப் பலகைக்கல்லில் வெட்டச் சொன்னார்.

சொன்னபடி வாழவும் செய்தார், அதுதான் கொடுமை. மடைப்பள்ளிக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. மன்னர் கை கழுவியதும் மீந்த சோறெல்லாம் அதில் விழும். சோற்றின் மேல் ஒரு கூடைச் சுண்ணாம்பு விழும், யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. மதிலுக்கு வெளியே ஊர் புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றுகொண்டிருந்தது. அந்தக் குழிக்கு ஒரு சட்டமும் இருந்தது: அரண்மனை வீசியதை எடுப்பது அரண்மனையைத் திருடுவது. எடுத்த பொருள் முதலில் குழிக்குத் திரும்பும், சுண்ணாம்பு விழும், பிறகு எடுத்தவர் கை விழும்.

அந்தச் சபையின் விகடகவி குப்பாண்டி. அவனுக்கு முன் பிறந்த குழந்தைகள் ஒன்றும் தங்காததால், பிறந்த அன்றே அவனைக் குப்பைமேட்டில் வீசி, பக்கத்து வீட்டுக்காரியை எடுக்கவைத்து, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி, மூக்கும் குத்தி, இந்தப் பெயரை வைத்தார்கள். குப்பையில் கிடப்பதை எமன் தொடமாட்டானாம். எமனுக்கும் அந்த அளவுக்குக் கௌரவம் உண்டு. குப்பாண்டியின் மூக்கில் அந்தத் துளை இன்னும் இருந்தது. மன்னர் மூக்கிலும் ஒரு துளை இருந்தது. அது சக்கரவர்த்தி லட்சணம் என்று புலவர்கள் பாடிவைத்திருந்தார்கள்.

ஒரு நாள், அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் வீராயியைக் காவலர்கள் சபைக்கு இழுத்து வந்தார்கள். கூடவே அவள் வீட்டிலிருந்து ஒரு மண்சட்டியும் வந்தது. மடைப்பள்ளி அதிகாரி திருமேனியார் மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீருக்குள் ஒரு பிடி சோறு.

"பிரபு, சுண்ணாம்பு விழுமுன் கையை விட்டிருக்கிறாள்."

மன்னருக்கு ஒரு சந்தேகம். "பெண்ணே, நேற்று எடுத்ததை நேற்றே ஏன் தின்னவில்லை?"

"நேத்தே தின்னா நேத்தோட போச்சுங்க சாமி. தண்ணி ஊத்தி வச்சா புள்ளைங்க ரெண்டும் காலையில தண்ணிய குடிக்கும், மத்தியானம் சோத்த திங்கும். மறுபடி தண்ணி ஊத்திக்கலாம்."

"பழையதா?" மன்னர் மேலாடையால் மூக்கை மூடினார். "நாயும் முகராது."

"நாயெல்லாம் தின்னாச்சுங்க" என்றாள் வீராயி. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

குப்பாண்டியின் முகம் மாறியதைத் திருமேனியார் பார்த்துவிட்டார். தாம் சமைக்கும் முப்பது பதார்த்தத்துக்கும் ஒரு தலையசைப்பு. இவன் வாயைத் திறந்தால் மன்னருக்கு வயிறு குலுங்கும் சிரிப்பு. அந்த எரிச்சல் நெடுநாளாக அவர் அடுப்பில் இருந்தது.

"பிரபு, நம் விகடகவியாருக்கு ஏழைகள்மேல் இரக்கம் அதிகம். தண்டனையை அவர் கையாலேயே நிறைவேற்றினால் சட்டத்துக்கும் பெருமை."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

குப்பாண்டி வணங்கினான். "உத்தரவு பிரபு. ஒரு விளக்கம் மட்டும். சட்டம் இவளுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?"

"எல்லோருக்கும்! அரண்மனை வீசியதில் எடுக்கப்பட்டது எதுவானாலும், யாரிடம் இருந்தாலும், நாளைப் பொழுது சாய்வதற்குள் குழிக்குப் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தக் குறைக்கு நீர் குழியில் இறங்குவீர்."

"பழையதும் சேர்த்தா?"

"பழையதும் சேர்த்து."

மறுநாள் குப்பாண்டி ஒரு கூடைச் சுண்ணாம்போடு சபைக்கு வந்தான். கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே திருமேனியாரிடம் போனான்.

"ஐயா, இந்தப் பட்டு அழகாக இருக்கிறது. ஓரத்தில் குழம்புக் கறை. போன தைப்பூசத்தன்று மன்னர் கழற்றி எறிந்தது அல்லவா?"

"அது... வீணாகப் போகிறதே என்று..."

"வீராயியும் அதற்காகத்தான் எடுத்தாள்."

பட்டு குழிக்குப் போயிற்று. சேனாபதியின் செருப்பு போயிற்று. புரோகிதரின் வெள்ளிச் செம்பு போயிற்று, அதில் ஒரு நசுக்கல் இருந்தது. தேடத் தேட, சபை முழுக்க மன்னர் வீசியதில்தான் வாழ்ந்துகொண்டிருந்தது. திருமேனியார் கோவணத்தோடு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். மன்னர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"முடிந்ததா குப்பாண்டி?"

"ஒன்றே ஒன்று பாக்கி பிரபு." குப்பாண்டி கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "தாங்கள் எழுந்தருள வேண்டும். குழிவரைக்கும்."

"நானா? எதற்கு?"

"தங்களுக்கு முன் பிறந்த இளவரசர்கள் தங்கவில்லை. தாங்கள் பிறந்ததும் ராஜமாதா தங்களை இதே மடைப்பள்ளிக் குப்பையில் வீசினார்கள். கூட்டுகிறவள் எடுத்தாள். ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்பக் கொடுத்தாள். மூக்குத் துளை சாட்சி. என்னிடமும் ஒன்று இருக்கிறது. அரண்மனை வீசியது, எடுக்கப்பட்டது, பழையது. எடுத்தவள் கையோடு சேர்ந்து எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டாள். பொருள் மட்டும்தான் பாக்கி. சுண்ணாம்பு புதிது பிரபு, அதிகம் எரியாது என்று சொல்ல முடியவில்லை."

காவலர்கள் வாளில் கை வைத்தார்கள். எடுத்த பொருள் எல்லாம் குழிக்குப் போகாமல் வீராயியின் கை விழாது. மன்னர் ஒரு வார்த்தை சொன்னால் குப்பாண்டியின் தலை விழும்.  தோள் கூடையிலிருந்து வெண்தூள் அவன் மார்பில் கொட்டிக்கொண்டிருந்தது.

மன்னர் தம் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிக்காவிட்டால் ஒன்று சட்டத்தை விட வேண்டும், அல்லது குழியில் இறங்க வேண்டும். சிரித்தால் இரண்டும் வேடிக்கையாகிவிடும். மன்னர் சிரித்ததும் சபையும் சிரித்தது. கோவணமும் தூணுக்குப் பின்னாலிருந்து சிரித்தது.

"அவளை விடுங்கள். சட்டம் ஒழிந்தது. குப்பாண்டி, உமக்கு ஒரு பொற்கிழி!"

"பொன்னை ஊறவைத்தால் நீராகாரம் ஆகாது பிரபு. அந்தக் குழியைக் கொடுங்கள்."

கொடுத்தார். அன்று முதல் மீந்த சோறு பெரிய தாழியில் விழுந்தது. சுண்ணாம்புக்குப் பதில் தண்ணீர் விழுந்தது. விடிந்ததும் ஊர் வரிசையில் நின்றது. வீராயியும் வந்தாள். பிள்ளைக்கு ஒன்றாக இரண்டு சிரட்டை கொண்டுவருவாள் என்று குப்பாண்டி எதிர்பார்த்தான். அவள் ஒன்றைத்தான் நீட்டினாள்.

"இன்னொண்ணு எங்க தாயி?"

"நான் காவல்ல கெடந்தேன்ல" என்றாள். "அந்த ராத்திரி."

குப்பாண்டி அகப்பையை அழுத்தி அள்ளி ஊற்றினான். அன்று அவனுக்கு விகடம் ஒன்றும் வரவில்லை.

மழையும் வரவில்லை. முப்பது பதார்த்தம் பத்தாயிற்று, பத்து ஒன்றாயிற்று. கல்தச்சன் கல்வெட்டை முடித்துக் கொண்டுவந்தபோது, நாட்டுவதற்குக் குழி தோண்ட யாருக்கும் தெம்பில்லை. நல்ல தட்டையான கல். குப்பாண்டி அதைத் தாழிக்கு மூடியாக வைத்துக்கொண்டான்.

ஒரு நாள் விடியலில் தாழியடிக்கு வந்த குப்பாண்டி மதில் ஓரமாகவே நின்றுவிட்டான். அங்கே ஒருவர் குந்தியிருந்தார். தலையில் கிரீடம் இல்லை. தம் வாசகம் வெட்டிய கல்லை, சத்தம் வராமல், இரு கையாலும் தூக்கித் தரையில் வைத்தார். முழங்கை வரை தாழிக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். விரல்களை நக்கினார். பிறகு கல்லை, எழுத்து கீழே போகும்படி திருப்பி மூடினார்.

 குப்பாண்டி மடியில் ஒரு சின்ன வெங்காயம் வைத்திருந்தான், தனக்கென்று. அவர் போகும் வழியில் கிடந்த திட்டின் மேல் அதை வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினான்.