பேர் சொல்லாத பிரசங்கம்

தேவசித்தம் உபதேசியார் ஒரு கேள்வியோடு குருவம்மாவிடம் வந்தால், பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுவார். குருவம்மா தலையாட்டினால் போதும், திருப்தியாகத் திரும்பிப் போவார். அந்தத் திங்கட்கிழமை காலையில் மட்டும் பதில் இல்லாமல் வந்தார்.

மெய்யருள்புரத்துச் சின்னச் சபைக்கு அவர்தான் உபதேசியார். ஞாயிறுதோறும் ஆராதனை நடத்துவதும் பிரசங்கம் செய்வதும் அவரே. அதைப்போலப் பல சபைகள் சேர்ந்த சேகரத்துக்குக் குருவானவர், குருவம்மா. முன்னெல்லாம் குருவானவரின் மனைவியைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். இந்த அம்மா தானே குருவாக வந்து இறங்கியதும், எப்படிக் கூப்பிடுவது என்று ஊர் கொஞ்ச நாள் முழித்தது. பிறகு வேறு வழி தெரியாமல் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது.

வயதில் உபதேசியாரைவிட இளையவர். ஆனாலும் வேதத்தில் சந்தேகம் என்று வந்துவிட்டால் தேவசித்தம் அவர் முன்னால் மாணவன்தான். அந்த மட்டுக்கும் பணிவு உண்டு. மற்ற நேரங்களில் அவ்வளவு போதாது.

குருவம்மா தாம் இருக்கும் ஊர்க் கோவிலுக்குள் பீடத்து விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த ஏழு சகோதரர் வசனத்துக்கு என்னதான் அர்த்தம்?"

சுவிசேஷத்தில் அது ஒரு சங்கடமான இடம். மூத்தவன் ஒருத்தியைக் கட்டி, பிள்ளை இல்லாமல் செத்துப்போகிறான். அந்த ஊர் முறைப்படி அவன் தம்பி அவளைக் கட்டுகிறான், அவனும் செத்துப்போகிறான். இப்படியே ஏழு பேர். கடைசியில் அவளும் செத்துப்போகிறாள். உயிர்த்தெழும்போது அவள் யாருக்கு மனைவி என்று சதுசேயர் என்கிற கூட்டத்தார் இயேசுவிடம் கேட்கிறார்கள். அங்கே பெண் கொடுப்பதும் இல்லை, பெண் எடுப்பதும் இல்லை, எல்லாரும் தேவதூதர் மாதிரி இருப்பார்கள் என்று அவர் சொல்லிவிடுகிறார். பெரிய படிப்புப் படித்த ஐயாமார்களே தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாண்டிப் போகிற இடம் அது.

"அர்த்தம் தெரியலைன்னு நீங்க என்னைக்கு இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்தீங்க?" என்றார் குருவம்மா. "என்ன நடந்துச்சு, அதை முதல்ல சொல்லுங்க."

தேவசித்தம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள் பொன்சீலி. கட்டிக்கொடுத்த கொஞ்ச வருஷத்திலேயே புருஷன் செல்லத்துரை காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பாமல், மாமியாரையும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு அவள் பாட்டுக்கு இருந்தாள். இப்போது மினிபஸ் ஓட்டுகிற அதிசயராஜ் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு, அவளும் சம்மதித்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சபையார் சொல்லலாம் என்று அறிவிப்பது அது. லெந்து நோன்புக்காலம் முடிந்து, ஈஸ்டர் அன்று முதல் ஓலை வாசித்தாயிற்று. நேற்று இரண்டாவது ஓலை. வாசித்த கையோடு பிரசங்கம். எடுத்துக்கொண்டது, கெட்ட நேரத்துக்கு, இந்த ஏழு சகோதரர் கதை.

வெயில். மின்விசிறி சுற்றியும் காற்று வரவில்லை. சபையில் பாதிப் பேர் தூக்கத்தில் சாமியாடிக்கொண்டிருந்தார்கள். தேவசித்தத்துக்கு அது பொறுக்கவில்லை.

"பழைய கதைதானேன்னு நினைக்காதீங்க," என்று குரலை உயர்த்தினார். "நம்ம சபையிலயே ஒரு அம்மா ரெண்டாவது கல்யாணத்துக்கு நிக்காங்கன்னு வைங்க. மேல போனா முன்ன போனவர் வாசல்லயே காத்துக்கிட்டு நிப்பார். பின்ன வந்தவர் ஓடி வந்து பக்கத்துல நிப்பார். அந்த அம்மா பாவம், யார் கையைப் பிடிப்பாங்க?"

சபை கொல்லென்று சிரித்தது. தூங்கினவர்கள்கூட விழித்து, என்னவென்று கேட்டுச் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் அத்தனை தலையும் தூணோரம் திரும்பியது. அங்கேதான் பொன்சீலி உட்காருவாள்.

மத்தியானத்துக்குள் பேச்சு குழாயடிக்கு வந்துவிட்டது. "என்னட்டி, யார் கையைப் பிடிக்கப் போற?" என்று ஒருத்தி குடத்தை வைத்துக்கொண்டே கேட்டாள். எப்படியோ மனதைத் தேற்றிச் சம்மதம் சொல்லியிருந்த மாமியார், "என் மவன் அங்க காத்துக்கிட்டு நிப்பானே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சாயங்காலம் பொன்சீலி உபதேசியார் வீட்டு வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு தேவசித்தம், "ஆனா நான் பேர் சொல்லலையேம்மா," என்றார்.

"சொல்லலையா?"

"சத்தியமா சொல்லல. ஒரு அம்மான்னுதான் சொன்னேன்."

குருவம்மா விரிப்பை மேசைமேல் வைத்தார். "வேதத்துல அந்த ஏழு பேரைக் கட்டினவ பேர் என்ன?"

"போடலைம்மா."

"அவ என்ன கேட்டா?"

"அவ ஒண்ணும் கேக்கலையே. சதுசேயர்லா கேட்டாங்க."

"அவங்களுக்கு உயிர்த்தெழுதல் மேல நம்பிக்கை உண்டா?"

"கிடையவே கிடையாது." இது தெரிந்த விஷயம். அவர் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

"பொறவு எதுக்குக் கேட்டாங்க?"

"மடக்குறதுக்கு. கேலி பண்ணுறதுக்கு."

"நீங்க எதுக்குக் கேட்டீங்க?"

வந்த தெம்பு போய்விட்டது.

"ஜனம் தூங்குச்சும்மா," என்றார். பிறகு, கேட்காமலேயே, "அவங்க சிரிச்சதும் எனக்கு நல்லாயிருந்துச்சு," என்றார்.

குருவம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"இங்கயும் பொம்பளைங்க பக்கம் ஒரு தூண் இருக்கு. போய் அதோரம் உட்காருங்க."

"நானா?"

"நீங்கதான்."

வாலிப வயதிலிருந்து கோவிலுக்கு வருகிறவர், அந்தப் பக்கம் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கூச்சத்தோடு போய்த் தூணோரம் பாயில் உட்கார்ந்தார். குருவம்மா பிரசங்க பீடத்தில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமைக் குரலில் ஆரம்பித்தார்.

"சபையாரே, ஒரு உபதேசியார் இருந்தார்னு வைங்க. பெண்சாதி பிரசவத்துல செத்துப்போனா. கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் வேணும்னு, வருஷம் திரும்புறதுக்குள்ள அவ தங்கச்சியையே கட்டிவச்சாங்க. நல்ல காரியம்னு ஊரெல்லாம் சொல்லுச்சு. நாளைக்கு எல்லாரும் எழும்பி நிக்கும்போது அக்கா ஒரு பக்கம் நிப்பா. தங்கச்சி ஒரு பக்கம் நிப்பா. இந்த உபதேசியார் யார் புருஷன்?"

ஆராதனை இல்லாத நாள். அவர்கள் இருவரைத் தவிர உள்ளே ஈ காக்கை இல்லை. ஆனாலும் தேவசித்தம் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"யாரும் இல்லை, உபதேசியாரே," என்றார் குருவம்மா. "உங்களுக்கு ஆளில்லாத கோவில். அவளுக்கு?"

அவருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. மூத்தவள் ரத்தினபாய் செத்து, தங்கை நேசபாயை அவர் கட்டியபோதும் மூன்று வாரம் ஓலை வாசித்தார்கள். பாவம், ஆம்பளை எத்தனை நாள் தனியாகக் கஷ்டப்படுவான் என்றார்கள். மேலே போனால் நீ யார் புருஷன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அவருக்கே அப்படி ஒரு கேள்வி தோன்றவில்லை. அதைவிட மோசமாக இன்னொன்று நினைவுக்கு வந்தது. அக்கா புருஷனைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று நேசபாயை அவர் கேட்டதே இல்லை. அன்றும் கேட்கவில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. அவள் விடிய எழுந்து போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார்.



"நான் என்ன செய்யட்டும்மா?" என்று தூணோரத்திலிருந்து எழுந்தபடியே கேட்டார். "அவ வீட்டுக்குப் போய், இந்த வசனத்தோட சரியான அர்த்தத்தை விளக்கிச் சொல்லட்டுமா?"

"விளக்கினது போதும்."

"பின்ன?"

"சபையில கொட்டினதைச் சபையிலதான் அள்ளணும்."

"அந்த மூணாவது ஓலையை? வாசிக்கட்டுமா, வேண்டாமா?"

குருவம்மா பீடத்திலிருந்து இறங்கி வந்தார். "அதை எங்கிட்ட கேக்கீங்களே," என்றார்.

அடுத்த ஞாயிறு குருவம்மாவும் மெய்யருள்புரத்துக்கு வந்து, பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். பொன்சீலி வருவாளோ மாட்டாளோ என்று தேவசித்தத்துக்கு இருப்பே கொள்ளவில்லை. வந்தாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு அதே தூணோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாமியார். ஆண்கள் பக்கம் அதிசயராஜ் தலை கவிழ்ந்து இருந்தார்.

பிரசங்க வேளை வந்தது. தேவசித்தம் பீடத்தில் ஏறவில்லை. கீழேயே நின்றார்.

"போன ஞாயிறு நான் பிரசங்கம் பண்ணலை, கேலி பண்ணினேன். பேர் சொல்லலையேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். நீங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தீங்க. பார்க்கணும்னுதான் சொன்னேன்."

முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "சரி, விடுங்க உபதேசியாரே," என்றார். அவருக்குச் சங்கடமாக இருந்தது. அவர்தான் அன்று முதலில் சிரித்தவர்.

"விட முடியாதுய்யா. நானும் ரெண்டாவது கட்டினவன். இதே இடத்துல எனக்கும் ஓலை வாசிச்சாங்க. அன்னைக்கு யாரும் சிரிக்கலை. எனக்கு மரியாதை இருந்துச்சு. அதே மரியாதையை நான் இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலை. எனக்கு வெட்கமா இருக்கு. ஊர் முன்னால மன்னிப்புக் கேக்கேன்."

நேசபாய் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தாள். அவளைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"பொன்சீலி, மூணாவது ஓலை எங்கையில இருக்கு. வாசிக்கட்டுமா, வேண்டாமா?"

சபையில் ஒரு சலசலப்பு. தடை உண்டா என்று அந்தக் கோவிலில் ஊரைக் கேட்பார்களே தவிர, பெண்ணைக் கேட்ட வழக்கம் இல்லை. எல்லாத் தலையும் மறுபடி தூணோரம் திரும்பியது. பாதித் திரும்பியவர்கள், போன வாரம் நினைவுக்கு வந்து, மறுபடி நேரே பார்த்துக்கொண்டார்கள்.

பொன்சீலி எழுந்து நின்றாள்.

"அதுக்கு முன்ன எனக்கு ஒண்ணு தெரியணும்."

"கேளும்மா."

"அந்த ஏழு பேரைக் கட்டின அம்மா. ஒருத்தன் போனா அடுத்தவன்னு எல்லாருக்கும் ஆக்கிப் போட்டு, எல்லாரையும் அடக்கம் பண்ணிட்டுத்தான அவ செத்தா? எழும்பி அங்க போயும் அவ ஏழு பேருக்கும் சோறு பொங்கணுமா?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

தேவசித்தம் பின்வரிசையைப் பார்த்தார்.

குருவம்மா எழுந்தார்.

"பொங்க வேண்டாம், பொன்சீலி. அங்க அவளை யாரும் யாருக்கும் கொடுக்க மாட்டாங்க. யாரும் எடுத்துக்கிடவும் மாட்டாங்க. அவ போனதும் முதல்ல அவ பேரைக் கேப்பாங்க."

பொன்சீலி நின்றபடியே இருந்தாள். மாமியார் கீழேயிருந்து அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தாள். "வாசிக்கச் சொல்லுட்டி," என்றாள் கிழவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வாசிங்க," என்றாள் பொன்சீலி.

தேவசித்தம் தாளைப் பிரித்தார். அவரே எழுதியது, முத்து முத்தான கையெழுத்து. காலஞ்சென்ற செல்லத்துரையின் விதவை என்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகு செல்லத்துரையின் தகப்பனார் பெயர், ஊர், சபை எல்லாம் வரிசையாக இருந்தன. அவள் பெயர் கடைசியில் கிடந்தது. முதல் இரண்டு வாரமும் இதைத்தான் அவர் கணீரென்று வாசித்திருந்தார்.

காலஞ்சென்ற என்று ஆரம்பித்து, அங்கேயே நிறுத்தினார். சபை காத்திருந்தது.

"அவ பேர்ல இருந்து ஆரம்பிங்க, உபதேசியாரே," என்றார் குருவம்மா.